கச்சையில் பதிந்த கை

12 செப்டம்பர் 2024, வியாழன்

நாளை வெள்ளிக்கிழமை என்று பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். மாட்டுப்பெண் மாதுரி பேங்குக்குப் போயிருந்தாள். இஸ்திரி போட்டு வந்த புடவைகளை வைக்க அவள் அலமாரியைத் திறந்தேன். திறக்க மாட்டேன் என்று ஆடி மாதம்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். "இன்னொரு தரம் என் சாமானத் தொட்டேள்னா, தில்லைநகர்ல ஃப்ளாட் பாத்துண்டு போயிடுவேம்மா" என்றிருந்தாள். பிள்ளை தேசிக் மஸ்கட்டில். இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?

புடவைகளுக்கு அடியில் இருந்தது அது. சந்தன நிறத்தில், வழவழவென்று, ரப்பரில், இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற ஒரு கச்சை! முன்னால் ஹூக், பின்னால் கயிறு. பெருமாளே, இது என்ன கண்றாவி!

கண்றாவி என்று சொல்லிக்கொண்டே போட்டும் பார்த்தேன். ரவிக்கைக்கு மேல்தான். நாலு ஹூக் மாட்டுவதற்குள் மூச்சு முட்டியது. ஆனால் கண்ணாடியில் — அறுபத்திரண்டு வயதில் எனக்கு இடுப்பு! முதுகு தானாக நிமிர்ந்தது. வெட்கமாக இருந்தது. கழற்றவும் மனசு வரவில்லை.

13 செப்டம்பர்

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தப்பித்தேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

தப்பவில்லை.

காபி குடிக்கும்போது அதைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள். இடுப்புப் பக்கம் பழுப்பாக ஐந்து விரல். அச்சாக என் கை. கூட வந்த சீட்டையும் வாசித்தாள். கையால் அலசி நிழலில் உலர்த்தணும், உள்ளே பவுடர் தூவணும், எண்ணெய் ஆகாது, செம்பு பித்தளை தொட்ட கை படவே கூடாது, பட்டால் கறை போகாது. முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்த எனக்கு இது தோன்றாமல் போச்சே!

"தொட்டேளாம்மா?"

"நான் ஏண்டி தொடறேன்?"

"ஹூக் பூரா கறையா இருக்கே."

அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏன் பொய் சொன்னேன்? போட்டுண்டேண்டி, நன்னா இருந்துதுடின்னு சொன்னா வாய் சுட்டுடுமா?

22 செப்டம்பர்

ஃப்ளாட் பார்த்துவிட்டாள்.

2 அக்டோபர், புதன்

பேங்க் லீவு. சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன். "போட்டுண்டேண்டி. கண்ணாடியும் பாத்தேன். நன்னா இருந்துது. வெக்கம், அதான் சொல்லல."

என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்தாள், ஆனாலும் போய்விட்டாள்.

16 அக்டோபர், புதன்

வேதவதி என்று என் பெயருக்குப் பார்சல். பிரித்தால் கறுப்பில் ஒரு கச்சை, என் உடம்புக்கு ஏற்ற பெரிய அளவு. அதிர்ந்துபோய் மாதுரிக்கு ஃபோன் போட்டேன்.

"தனியாப் போட்டுக்காதேங்கோம்மா, மூச்சு முட்டும். கயிறு இழுக்க ஒரு ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள்.

இன்றைக்குப் புதன்தான் ஆகிறது.