ஒற்றைச் செருப்பு

செவ்வாய், இரவு.

பெங்களூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு, எங்கள் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனிலிருந்து என் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் குனிந்து பார்த்து, "எங்க வுட்டேன்?" என்றார். என் சிரிப்பு நின்றது.

இருமலைச் சுரங்கத் தூசி என்றே விட்டிருந்தோம். இங்கே யாருக்கு இருமல் இல்லை? காசநோய்க் கிருமியின் ஜாதியில் ஒன்றாம், வருஷக்கணக்காக நுரையீரலில் இருக்கிறதாம். அதோடு சண்டை போட்டுப் போட்டு, உடம்பு தன் ரத்தக்குழாய்களையே புண்ணாக்குகிறதாம். காலில் சிவப்புப் புள்ளிகள் அதனால்தானாம். ஸ்டீராய்டு கொடுத்தால் புண் ஆறும், ஆனால் கிருமி பெருகும். கொடுக்காவிட்டால் ரத்தம் போகாமல் கால் நரம்பு செத்துப்போகும். யோசித்து நாளை சொல்கிறேன் என்றாராம் டாக்டர்.

செருப்பில்லாத அவர் பாதத்தில் முள் ஆழமாக ஏறியிருந்தது. பிடுங்கினேன். ரத்தம் வந்தது. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "இன்னா, இன்னும் எடுக்கலியா?"