முங்குவதற்கு ஒரு தொட்டி

குலசேகரம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஸ்மைலின் அக்காவுக்கு,

டெனிஷ் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிக்க முடியவில்லை. குவைத்தில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். திரையில் உன் பெயரைப் பார்த்ததும் அம்மை ஸ்பீக்கரில் போடச் சொல்லி வந்து நிற்கிறாள். பக்கத்து அறையில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார். அதனால்தான் மெயில். டியூட்டி முடிந்து தனியாக உட்கார்ந்து கடைசிவரை படி. பாதியில் அம்மையைக் கூப்பிட்டுவிடாதே.

அப்பாவின் இதய எக்கோ ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தேன். "பார்த்தேன்" என்று மட்டும் பதில் போட்டாய். ஒரு நர்ஸ் ஒற்றைச் சொல்லில் பதில் போட்டால் அதன் பொருள் எனக்குத் தெரியும். இப்போது மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே தூங்குகிறார். கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது.

தம்மாமிலிருந்து லீவில் வந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "ஷெட்டுல கெடக்க தொட்டிய நேராக்கித் தாலே" என்றார். எந்தத் தொட்டி என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எஸ்டேட் பங்களாவை இடித்தபோது லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தாரே, அந்த வெள்ளைக்காரன் குளித்த பீங்கான் பூச்சுத் தொட்டி. நம் வீட்டில் ஒருவரும் அதில் குளித்ததில்லை. ரப்பர் பாலை ஊற்றி ஆசிட் கலந்து உறைய வைக்கத்தான் அது உதவியது. அந்த ஆசிட்தான் பூச்சைத் தின்றது. பளபளப்பு போய், உப்புக்காகிதம் போலச் சொரசொரவென்று, தண்ணீர் போகும் வாயைச் சுற்றி இரும்பு தெரிந்து துருப்பிடித்துக் கிடந்தது.

எதற்கு என்று கேட்டேன். முங்கணுமாம். முழுக்கு ஞானஸ்நானம்.

ஜெபவீட்டு பாஸ்டர் வாரம் தவறாமல் வந்து அப்பாவின் கையைப் பிடித்து ஜெபிப்பதை நீயும் வீடியோவில் பார்த்திருக்கிறாய். ஆறுதலுக்குத்தானே என்று நாம் விட்டோம். இப்போது அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். "எனக்குத் தலையில தண்ணி தெளிச்சப்பம் நான் பால்குடிப் பிள்ள. எனக்கிட்ட கேட்டா தெளிச்சாங்க? ஒருக்கா எனக்க சம்மதத்தோட முங்கணும்." ஆற்றில் இறக்க முடியாது, கடலுக்கும் கொண்டுபோக முடியாது. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் போனால் தொட்டியே போதும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

அம்மை இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு என்னிடம் சொல்வாள்: "தெளிச்சது போதாதாம் மக்கா. மூக்குல தண்ணி ஏறினா தும்முத மனுசன், இப்பம் முங்கணுமாம்." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற விஷயம் அல்ல. வெளியே போய் முழுக்கு எடுத்தவர்களுக்குச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று நம் சபைக் கமிட்டி எப்போதோ தீர்மானம் போட்டு வைத்திருக்கிறது. தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அப்பாவுக்கும் அம்மைக்கும் சேர்த்து இடம் விட்டிருக்கிறார்கள். ஆலயம் முடிந்து வரும்போதெல்லாம் அம்மை அங்கே நின்று புல்லைப் பிடுங்கிவிட்டு வருவாள். "நான் மட்டும் ஒத்தைக்கு அங்க போய்க் கெடக்கவா?" என்றாள். எனக்கு இரண்டு பக்கமும் புரியவில்லை. தொட்டி மட்டும்தான் புரிந்தது.

அதனால் தொட்டியைப் பிடித்தேன். ஓரத்தில் ரப்பர் ஒட்டுப்பால் பெருவிரல் கனத்துக்குக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி, கழுவி, ஈரம் போட்டு உப்புக்காகிதத்தால் உரைத்து, பொக்கைகளைப் பட்டி வைத்து அடைத்து, மறுபடியும் உரைத்தேன். கோட்டிங் இறுகக் கலக்கிற ஹார்டனரின் நாற்றம் அப்பாவின் நெஞ்சுக்கு ஆகாது. ஸ்ப்ரே அடிக்கிற அன்று அவரை சுபிதா சித்தி வீட்டில் கொண்டுபோய் இருத்தினேன். கோட்டிங் கண்ணாடி போல விழுந்தது. தம்மாமில் எண்ணெய் டாங்குக்கு அடித்து ரிப்போர்ட் எழுதுகிற வேலையில்கூட எனக்கு அப்படி விழுந்ததில்லை.

அன்று சாயங்காலம் அம்மை ஷெட்டு வாசலில் வந்து நின்று, சரியாகவில்லை என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். பொய் ரிப்போர்ட் நான் எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூலையில் இருந்த ஆசிட் கேனைக் காட்டி, "கோட்டிங் இன்னும் இறுகல்ல. அது ஒரு சொட்டு பட்டாலும் மொத்தமும் போச்சு" என்றேன். எச்சரிக்கை என்று நினைத்துச் சொன்னேன். வழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் மருந்து வாங்க மார்த்தாண்டம் போய்த் திரும்பினால், ஷெட்டில் எறும்பை நசுக்கினால் வருமே, அந்தக் காரமான ஆசிட் வாடை. தொட்டியில் தலை வைக்கிற பக்கம் முழுக்கக் கோட்டிங் பாலாடை போலச் சுருங்கி, கொப்புளித்து, கையால் இழுத்தால் கையோடு வந்தது.

கத்துவதற்காகத்தான் அடுக்களைக்குப் போனேன். அம்மை இடது கையால் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை சேலைக்குள். இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கை வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. ரப்பர் ஷீட் அடித்தே வயசான பொம்பிளை, கையுறை போடாமல் அந்த ஆசிட்டைத் தொட்டிருக்கிறாள். கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டதாம். குழாயடியில் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் காட்டிக் கட்டுப் போட்டாயிற்று. நனையக்கூடாது என்றார்கள்.

அப்பாவிடம் ஹார்டனர் சரியில்லை என்றேன். பொய் ரிப்போர்ட்தான். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஆசிட்டுக்க மணம் எனக்குத் தெரியாதாலே. அவளுக்க கைக்கு மருந்து போட்டியா?" போட்டேன் என்றேன். "அப்பம் தொட்டி கெடக்கட்டு. இனி செய்யாண்டாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாஸ்டர் வந்தபோது தூங்குவதுபோலக் கிடந்தார். அவர் பிடிவாதம் பிடித்த நாட்களே தேவலை அக்கா. மாத்திரையைக்கூட இப்போது கேட்டு வாங்குவதில்லை.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பாழான கோட்டிங்கை உரித்து எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா வேண்டாம் என்ற வேலையை அரைகுறையாக விட எனக்கு முடியவில்லை. அம்மை கட்டுப்போட்ட கையைப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். திரும்ப அடிக்க ஒக்குமா என்று கேட்டாள். முடியும் என்றேன். பிறகு, "இது ரெண்டு பேருக்குத் தாங்குமா மக்கா?" என்றாள்.

முகமூடியைக் கழற்றாமலே எரிச்சலோடு சொன்னேன்: "வார்ப்பிரும்பு. ஆனை இறங்கினாலும் தாங்கும்."

"ஒண்ணாட்டு இல்லலே. அவரு முங்கி எழும்பினப் பொறவு நான். பாஸ்டர் எனக்கும் செய்வாரா? அப்பம் ரெண்டு பேரையும் ஒரே எடத்துலதான வைப்பாங்க?"

அப்போதுதான் முகமூடியைக் கழற்றினேன்.

அப்பாவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

இன்று காலை அப்பாவைச் சித்தி வீட்டில் இருத்திவிட்டுத் திரும்ப அடித்துவிட்டேன். நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. பச்சைத்தண்ணீர் என்றால் ஞாயிற்றுக்கிழமையே ஊற்றலாம். வெந்நீர் ஊற்ற ஒரு வாரம் இறுக வேண்டும். பச்சைத்தண்ணீர் அப்பாவுக்கு ஆகாது. ஒரு வாரம் அப்பாவுக்கு உண்டா என்று எனக்குத் தெரியாது. அறையிலிருந்து இருமல் கேட்கும்போதெல்லாம் ஷெட்டுக்குப் போய்த் கோட்டிங் இறுகிவிட்டதா என்று தொட்டியின் வெளி ஓரத்தில் நகத்தை அழுத்திப் பார்க்கிறேன்.

நீ நர்ஸ். மகளாக இல்லாமல் நர்ஸாகச் சொல். சாய்ந்து இருந்தாலே மூச்சு வாங்குகிறவரை ஒரு நொடி மல்லாக்கத் தண்ணீருக்குள் விடலாமா? எவ்வளவு சூடு இருக்க வேண்டும்? விடக்கூடாது என்றால் அதை அவரிடம் நீதான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வராது. விடலாம் என்றால், தலையை யார் பிடிப்பது? பாஸ்டர் பிடிப்பார், அது சடங்கு. நாடியைப் பார்த்துக்கொண்டு ஒருத்தர் பிடிக்க வேண்டாமா? அம்மையின் கை நனையவும் கூடாது. அவளை யார் பிடிப்பது?

இங்கே யார் மனம் மாறினாலும் மாறட்டும், தொட்டி தயாராக இருக்கும். அதற்கு நான் பொறுப்பு. மிச்சத்துக்கு என்னால் பொறுப்பெடுக்க முடியாது. லீவு கேள். தராவிட்டால் திரும்பவும் கேள்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளிடம் தாத்தா விசாரித்தார் என்று சொல். விசாரிக்கவில்லைதான், ஆனாலும் சொல்.

கடிதம் முடிக்கும்போது, கர்த்தர் உன் யாத்திரையில் துணையிருப்பார் என்று எழுதச் சொல்லி அம்மை எப்போதும் பக்கத்தில் நிற்பாள். நீ எங்கேயும் புறப்படாதபோதும் அதையே எழுதச் சொல்வாள். இன்று அவள் பக்கத்தில் இல்லை. நானே எழுதுகிறேன். கர்த்தர் உன் யாத்திரையில் துணையிருக்கட்டும். புறப்படு.

உன் தம்பி,
டெனிஷ்