ஆறு பேராய் நிண்ட இறுதியாட்டம்

ஓகஸ்ட் 4, திங்கள்

சோளகக் காத்து விடுறமாதிரி இல்லை. காலமை பூசைக்குப் போகேக்கை என்ர முக்காடு பறந்து சிஸ்டர் லூர்துவின்ர முகத்தில. அவ ஊசி ஒண்டை எடுத்துத் தந்தா.

பின்னேரம் நாலரைக்குப் பயிற்சி. கோயில் வளவுக்குள்ள வெயில் இன்னும் கொதிச்சபடி. தீவில திரியிற காட்டுக்குதிரை இரண்டு வந்து நடுவில நிண்டு அரைமணித்தியாலம் போச்சு. ஏழு பிள்ளையளும் வந்தவை. வலைப்பந்துக்கு ஏழு பேர் வேணும், எங்களிட்ட ஏழு பேர்தான். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, முடிஞ்சுது.

போன வருஷம் பத்துப் பேர் இருந்தவை. மூண்டு வீட்டில இப்ப விடுறேல்லை. காரணம் எனக்குத் தெரியும். எழுத விருப்பமில்லை. ஆனா இந்தக் கொப்பியை வேற ஆர் வாசிக்கப் போகினம்.

போன வருஷம் கரம்பொன்னில, அரையிறுதியில, எங்கட கோல் ஒண்டை நடுவர் எண்ணேல்லை. நான் விடாமல் நிண்டு வாதாடினன். முக்கால் மணித்தியாலம். கோலும் கிடைக்கேல்லை. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்துசேர, எங்கட நெடுந்தீவுக்குக் கடைசிப் படகு போயிட்டுது. இரவு முழுக்க இறங்குதுறையில நிண்டு, அடுத்தநாள் காலமைதான் பிள்ளையளை வீட்டில விட்டனான். ஊர் கதைச்சது. என்னை இல்லை, பிள்ளையளை.

செய்யவேண்டியது:
பந்துக்குக் காத்து அடிக்க.
சென்டர் சட்டையில எழுத்துக் கழண்டுபோச்சு, லூர்துவிட்ட குடுக்க.
எங்கட மடத்து முன்பள்ளிக்கு வெண்கட்டி.
சனிக்கிழமைப் போட்டிக்குக் கரம்பொன் போக மடத்துத் தலைவி மதரிட்ட அனுமதி. (நாளைக்கு. கட்டாயம்.)

ஓகஸ்ட் 5, செவ்வாய்

கேட்டிட்டன். மதர் குசினியில முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தா. நானும் இருந்து உருவினன், பிறகு கேட்டன்.

"போகலாம். ஆனா வெள்ளிக்கிழமையே போங்கோ. இரவைக்குக் கரம்பொன் மடத்தில நில்லுங்கோ, நான் கதைக்கிறன். ஞாயிறு திரும்பலாம். படகுக்கு ஓடுற வேலை வேண்டாம்."

எழும்பினன். கூப்பிட்டா.

"யசிந்தா, ஒண்டு கேக்கிறன். இந்த வெற்றி பிள்ளையளுக்கோ, உமக்கோ?"

"பிள்ளையளுக்குத்தான் மதர்."

"கெதியாச் சொல்லிப்போட்டீர்," எண்டா. திரும்ப இலை உருவத் தொடங்கிட்டா.

பின்னேரம் அனிஸ்ரா வரேல்லை. எங்களுக்குக் கோல் போடுறது அவள்தான். பதினேழு வயது, ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக் கதைச்சால் பெரிசு. பந்தைக் கையில வாங்கி ஒரு மூச்சு விடுவாள், பிறகு போடுவாள். விழும்.

அணித் தலைவி ஜெனிற்றா வந்து சொன்னாள்: "அவளின்ர அப்பா வேண்டாமெண்டிட்டாராம் சிஸ்டர். போன முறை மாதிரி இறங்குதுறையில என்ர பிள்ளை நிக்க ஏலாதெண்டு."

ஆறு பேரோட பயிற்சி. காத்து பந்தை வளையத்துக்கு வெளியால தள்ளுது. ஒருத்தியும் சிரிக்கேல்லை.

ஓகஸ்ட் 6, புதன்

காலமை செபத்தில ஒரு வரியும் மனதில நிக்கேல்லை.

பத்து மணிக்கு அனிஸ்ராவின்ர தகப்பன் பேதுரு அண்ணையிட்ட போனன். கல்வேலிக்குப் பக்கத்தில வலை பொத்திக்கொண்டு இருந்தார். கதிரை எடுத்துத் தந்தார். அவர் நிலத்தில.

படகு, இரவு தங்குறது, மதர் சொன்னது, எல்லாம் சொன்னன். அவர் தலை நிமித்தேல்லை. பிறகு மெல்லமாக் கேட்டார்:

"போன வருஷம் படகு நேரத்துக்கு முந்திப் போயிட்டுதெண்டுதானே சிஸ்டர் சொன்னியள்?"

அதுதான். ஒரு வருஷமா நான் ஒருத்தருக்கும் சொல்லாதது அதுதான். அண்டைக்குத் தாய்தேப்பன்மாருக்கு முன்னால என்ர வாயில வந்த பொய்.

"இல்லை அண்ணை. படகு நேரத்துக்குத்தான் போனது. நான்தான் நடுவரோட சண்டை பிடிச்சுப் பிந்தினனான். பிழை என்ர."

அவர் ஊசியை வலையில குத்தி வைச்சார்.

"அந்தப் படகு ஓட்டினவன் என்ர மச்சான். ஊர் ஒரு மாதம் அவனைத்தான் ஏசினது."

எனக்கு அது தெரியாது. உண்மையாத் தெரியாது. ஆனா தெரிஞ்சிருந்தால் அண்டைக்கு உண்மை சொல்லியிருப்பனோ? அதுவும் தெரியாது.

மச்சானின்ர வீட்டையும் நடந்து போனன். வெயில். அவர் படலையடியில நிண்டு கேட்டார். மன்னிக்கச் சொல்லிக் கேட்டன். "சரி சிஸ்டர். தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," எண்டார். மனிசி செம்பில தண்ணி கொண்டுவந்து தந்தா. நிண்ட இடத்திலேயே குடிச்சு முடிச்சன்.

மடத்துக்கு வந்து மதருக்கும் சொன்னன். அவ, "மற்ற மூண்டு வீட்டுக்கும் நாளைக்குப் போம்," எண்டா. அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 7, வியாழன்

மூண்டு வீடு. ஒரு வீட்டில முகத்துக்கு நேரா ஏசினவை. ஒரு வீட்டில பனங்காய்ப் பணியாரம் தந்தவை. மற்ற வீட்டில கேட்டிட்டு எழும்பி உள்ளுக்குப் போனவை. மூண்டு பேரும் விடேல்லை. இந்த வருஷம் இல்லையாம்.

சட்டை ரெடி. லூர்து எழுத்தை இரட்டைத் தையல் போட்டிருக்கிறா. "இனி மாடு இழுத்தாலும் கழராது."

அனிஸ்ரா இன்னும் வரேல்லை. ஜெனிற்றாவைக் கோல் போட விட்டுப் பாத்தன். இருபதுக்கு ஏழு.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காலமை இறங்குதுறை. நாங்கள் எட்டுப் பேர் (லூர்துவையும் சேர்த்து). கடல் கொஞ்சம் எழும்பித்தான் கிடந்தது. படகு வெளிக்கிட இன்னும் கால் மணித்தியாலம்.

பேதுரு அண்ணை சைக்கிளில வாறார். பின்னால அனிஸ்ரா, மடியில பை.

"நானும் வாறன் சிஸ்டர்," எண்டார். வேற ஒரு சொல்லும் இல்லை. வெள்ளைச் சேட்டு, இஸ்திரி போட்டது. மனிசன் நேற்றே முடிவெடுத்திருக்கிறார் எண்டு விளங்கிச்சுது.

படகு ஓட்டினது அவரின்ர மச்சான்தான். என்னைப் பாத்து, "சிஸ்டர் இண்டைக்கு நேரத்துக்கு வந்திட்டியள்," எண்டார். பிள்ளையளுக்கு விளங்கேல்லை. நான் சிரிச்சன். அவரும்.

படகு ஆட்டத்தில இரண்டு பேர் சத்தி எடுத்தவை. லூர்து மூண்டாவது.

குறிகட்டுவானில இருந்து வான் பிடிச்சுப் போனம். கரம்பொன்னில சிஸ்டர் றீற்றா வாசலில நிக்கிறா. நானும் அவவும் மடத்தில சேந்த புதிசில, நவசந்நியாசத்தில ஒண்டா இருந்தனாங்கள், ஒரே அறை. இப்ப கரம்பொன் அணியைப் பழக்கிறது அவ. மூண்டு வருஷமாக் கிண்ணம் அவையிட்டத்தான்.

தங்கட நாலு அறையையும் எங்கட பிள்ளையளுக்கு விட்டிட்டு, சிஸ்டர்மார் செபக்கூட விறாந்தையில பாய் விரிச்சிருக்கினம். எழுபது வயது சிஸ்டரும் பாயில. "வேண்டாம்" எண்டு சொல்ல விடேல்லை.

இடியப்பம், சொதி, பாரை மீன் குழம்பு. றீற்றா ஒவ்வொரு தட்டிலயும் இரண்டாம் முறை போடுறா.

"நல்லாச் சாப்பிடுங்கோ பிள்ளையள். நாளைக்கு ஓட ஏலாமல் கிடக்கவேணும்."

ஜெனிற்றா: "நாங்கள் கடலில வந்த ஆக்கள் சிஸ்டர். இன்னும் போடுங்கோ."

ஓகஸ்ட் 9, சனி

அவசரமா எழுதுறன், எழுத்துக் கோணல். ஒழுங்காச் சொல்லுறன்.

முதலாட்டம் 11–6. அரையிறுதி 9–8. மத்தியானம் சோறு ஒருத்திக்கும் இறங்கேல்லை, தோடம்பழம் மட்டும். மூண்டு மணிக்கு இறுதி. கரம்பொன்னோட.

மைதானம் கடலோரம். காத்து குறுக்கால அடிச்சது. கரம்பொன் பிள்ளையளின்ர பந்து இரண்டு தரம் வெளியால போச்சு. அனிஸ்ராவுக்கு அது எங்கட கோயில் வளவு மாதிரி. ஆனாலும் அவையள் உயரம், கெதி. முதல் பாதி 8–6, அவைக்கு.

இரண்டாம் பாதி தொடங்கி இரண்டு நிமிஷம் இல்லை, எங்கட மெரினா பந்துக்குப் பாய்ஞ்சு கால் மடங்கி விழுந்தாள். எழும்ப ஏலேல்லை. பேதுரு அண்ணை உள்ளுக்கு ஓடி வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வாங்கில இருத்தினார். லூர்து ஐஸ் கட்டினா. வீக்கம், முறிவில்லை.

இதை எழுதத்தான் வேணும்: அவள் விழேக்கை எனக்கு முதல் வந்தது "ஐயோ பிள்ளை" இல்லை. "போச்சு" எண்டுதான். பிறகுதான் பிள்ளை.

நடுவர் கேட்டா, "மாத்துறதுக்கு ஆள் இருக்கோ?" இல்லை. "ஆறு பேரோட விளையாடலாம், சட்டத்தில இடமிருக்கு. விளையாடுறியளோ?"

நான் வாய் திறக்க முதல் றீற்றா மைதானத்தைக் கடந்து வந்திட்டா. "நாங்களும் ஒராளை எடுக்கிறம். ஆறுக்கு ஆறு."

ஜெனிற்றா என்னைப் பாக்கேல்லை. நேரா றீற்றாவைப் பாத்துச் சொன்னாள்:

"வேண்டாம் சிஸ்டர். நீங்கள் ஏழு பேரா நில்லுங்கோ. இல்லாட்டிப் பிறகு நீங்கள் விட்டுத்தந்துதான் வெண்டனாங்கள் எண்டு கதை வரும்."

பதினெட்டு வயது. றீற்றா அவளின்ர தோளில தட்டிப்போட்டுப் போனா. நான் நடுவருக்குத் தலையாட்டினன்.

பிறகு ஜெனிற்றா மற்ற அஞ்சு பேரையும் கூப்பிட்டு நிலத்தில விரலால கீறிக் காட்டினாள். ஆர் எங்க நிக்கிறதெண்டு. மெரினாவின்ர இடத்தை ஒருத்திக்கும் குடுக்கேல்லை, இரண்டு இடத்துக்கும் தானே ஓடினாள். அப்பிடி ஒரு ஓட்டம் நான் காணேல்லை. 9–9. 11–11. சனம் கயிற்றடிக்கு வந்திட்டுது. கரம்பொன் ஆக்களே சிலபேர் எங்களுக்குக் கை தட்டினவை.

12–12இல அனிஸ்ரா போட்ட கோல். வளையத்துக்குள்ளால விழுந்தது, எல்லாரும் கண்டது. நடுவர் விசில். கால் நகர்ந்துதாம். கோல் இல்லை. நகரேல்லை. நான் கண்டனான்.

என்ர கால் தானா எழும்பிச்சுது. பேதுரு அண்ணை என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். இருந்தன். கதிரையின்ர இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

கரம்பொன் ஒண்டு போட்டுது. 13–12. நாங்கள் ஒண்டு. 13–13. நேரம் பாக்கிற பிள்ளை கையை உயர்த்தீட்டாள், இருபது விநாடி. ஜெனிற்றா பந்தைப் பறிச்சு, பாக்காமலே எறிஞ்சாள், அனிஸ்ரா நிக்கிற இடம் அவளுக்குத் தெரியும். அனிஸ்ரா வாங்கினாள். ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்குள்ள எனக்கு வயது போச்சு. போட்டாள். பந்து வளையத்தில ஒருக்கா இருந்து, காத்துக்கு ஆடி, உள்ளுக்கு விழுந்தது.

14–13. விசில்.

ஆறு பேரும் நேரா மெரினாவிட்டத்தான் ஓடினவை. என்னட்ட இல்லை. அது நல்லம்.

பேதுரு அண்ணை சாரத்தை அவிட்டுத் திரும்பக் கட்டினார். திரும்பவும் கட்டினார். பிறகு முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டு போய்க் கடலைப் பாத்து நிண்டார்.

றீற்றா கட்டிப்பிடிச்சா. "என்ர மீனைத் திண்டிட்டு என்னையே வெண்டிட்டீர்."

மதருக்குப் போன் எடுத்தன். "வெண்டிட்டம் மதர்." மறுபக்கம் மூக்கு உறிஞ்சுற சத்தம். "பிள்ளையள் சாப்பிட்டவையோ?" எண்டா.

மதர் குசினியில கேட்ட கேள்விக்கு என்ர மறுமொழி: எனக்கும்தான். ஒளிக்கேல்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

கரம்பொன்னில பூசை. சுவாமியார் பிரசங்கத்தில ஜெனிற்றாவின்ர கதையைச் சொன்னார், தங்கட பிள்ளையள் தோத்த ஆட்டமெண்டும் பாக்காமல். ஜெனிற்றா குனிஞ்சுகொண்டு இருந்தாள், காது சிவந்துபோச்சு.

படகில கிண்ணம் கை மாறி மாறி. ஒருத்தியும் சத்தி இல்லை. பேதுரு அண்ணையின்ர மச்சான் நெடுந்தீவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கேக்கையே கோர்ண் அடிக்கத் தொடங்கினவர், இறங்குதுறை வரைக்கும் கையை எடுக்கேல்லை.

சனம். நான் நினைக்கேல்லை இவ்வளவு சனம். கோயிலார், சைவப் பக்கத்து ஆக்கள், முன்பள்ளிக் குஞ்சுகள், கடைக்காரர் கடையைப் பூட்டிப்போட்டு. மதர் வெயிலுக்குள்ள குடையில்லாமல். மெரினாவை லான்ட்மாஸ்டர் உழவுயந்திரப் பெட்டியில ஏத்தி, கிண்ணத்தை அவளின்ர மடியில வைச்சு, ஊர்கோலம் மாதிரிக் கோயில் வரைக்கும்.

விடாத அந்த மூண்டு வீட்டுப் பிள்ளையளும் நிண்டவை. ஏசின தாயும் நிண்டா. என்னட்ட வந்து, "அடுத்த பயிற்சி எத்தினை மணிக்கு?" எண்டா.

நாலரைக்கு எண்டு சொன்னன்.

ஓகஸ்ட் 11, திங்கள்

காத்து அப்பிடியே.

காலமைச் சாப்பாடு எங்கட மடத்தில மௌனமாத்தான். ஒருத்தர் புனிதர் சரித்திரம் வாசிப்பினம், மற்ற ஆக்கள் கேட்டுக்கொண்டு சாப்பிடுறது. இண்டைக்கு வாசிக்கிற முறை என்ர. புத்தகத்தைத் திறந்தன்.

மதர் கையை நீட்டிப் புத்தகத்தை மூடினா.

"இண்டைக்கு இது வேண்டாம். நீர் சொல்லும். முதல் விசிலில இருந்து சொல்லும், ஒண்டும் விடாமல்."

தொடங்கினன். லூர்து இடையில இடையில திருத்தினா. மேசையில பாண் துண்டு ஏழு வைச்சு, பிறகு ஒண்டை எடுத்துக் காட்டினன். மெரினா விழுற இடத்துக்கு வரேக்கை வெளியில முன்பள்ளிப் பிள்ளையள் படலையைத் தட்டத் தொடங்கீட்டினம். தேத்தண்ணி ஆறிப்போச்சு.

ஒருத்தரும் எழும்பேல்லை.