அலமாரிக்குள் ஆம்ப்

ஜூன் 2

துணி அலமாரியைக் காலி செய்து, கிடாரின் ஒலிபெருக்கியான ஆம்பை உள்ளே வைத்தேன். சுற்றிலும் கம்பளிகள். மேல்வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் ஒலியை ஏற்றினேன். அலமாரிக் கதவு நடுங்கியது.

மோதிர விரல் இன்று இரண்டு முறை மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. வலது கையால்தான் நிமிர்த்தினேன். உள்ளங்கைக் கட்டியை எடுக்கப் பன்னிரண்டாம் தேதி அறுவை சிகிச்சை. டாக்டர், "விரல் மடங்கும். ஆனா இந்த வேகம் திரும்ப வருமான்னு சொல்ல முடியாது" என்றார். நான்கு வருடமாகச் செதுக்கிய பாட்டின் பாதி அந்த விரலில் இருக்கிறது. அதற்குள் ஒருமுறையாவது முழுசாகப் பதிவு செய்துவிட வேண்டும்.

ஜூன் 4

மைக்கை ஆம்ப் ஸ்பீக்கரின் நடுவே வைத்தால் காதைக் குத்துகிறது. ஓரத்துக்குப் போனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. வாசித்துக்கொண்டே நகர்த்த எனக்கு மூன்றாவது கை இல்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். முன்னறையில் தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டு வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை நூல் நூலாக நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தி, அலமாரிப் பலகையில் தையல் சாக்பீஸால் கோடு போட்டார்.

"இங்க வச்சாத்தான் காலர் சரியா உக்காருது."

இசையே தெரியாது என்பவர் சொன்ன இடம்தான் சரி. கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஜூன் 7

ஒன்பது முறை வாசித்தேன். ஒன்பதிலும் விரல் சிக்கியது. கம்பியைக் குறை சொன்னேன், கேபிளைக் குறை சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

ஜூன் 9

ஒன்றும் உருப்படியாகப் பதியவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 11

வந்துவிட்டது! காலையில் பதிவு செய்யும் கணினி தானாக அணைந்து மறுபடி வந்ததில் அரை மணி நேரம் போயிற்று. அதன் பிறகு பாட்டின் ஆறு நிமிடமும் விரல் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. கிடாரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

மாலை —

ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன். கணினி அணைந்து வந்தபோது ஆம்ப் முன் வைத்த மைக்கை விட்டுவிட்டுத் தன் சொந்த மைக்கை எடுத்துக்கொண்டுவிட்டது. திரையில் ஒலிக்கோடு ஓடியது, பார்த்தேன். எந்த மைக்கின் கோடு என்று பார்த்தேனா? ஆம்ப் எங்கோ அடைத்த கதவுக்குப் பின்னால் முனகுகிறது. அதற்கு மேல் என் மூச்சு, முன்னறைத் தையல் மெஷின். மறுபடி வாசிக்கலாம் என்றால் விரல் வீங்கிவிட்டது. நாளைக் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி.

பரவாயில்லை என்று இவர் சொல்லவில்லை. அதற்காகவே இவரைப் பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். தெரிந்திருந்தால் மெஷினை நிறுத்தியிருப்பேனே என்று மட்டும் வருத்தப்பட்டார்.

ஜூலை 3

கட்டுப் பிரித்தாயிற்று. விரல் பாதிதான் மடங்குகிறது.

ஆகஸ்ட் 20

இதற்குமேல் மடங்காது என்று டாக்டர் போன வாரம் சொல்லிவிட்டார். நாலு நாள் கிடார் பக்கமே போகவில்லை. இன்று அந்த விரலை விட்டுவிட்டு, மற்ற மூன்றில் வாசித்துப் பார்த்தேன். ஓட்டமாக ஓடிய இடங்களில் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது. நின்றால் இந்த ஆம்ப் இவ்வளவு நேரம் முழங்கும் என்பது எனக்கே தெரியாது. இரண்டாவது தடவையிலேயே பதிந்தது.

இவர் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "நல்லா இருக்கே. இது எப்ப போட்ட பாட்டு?"

பழைய பாட்டுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"இன்னிக்குத்தான்" என்றேன்.