வாசலில் நின்ற குதிரை

மாஸ்டெக், வேல்ஸ்
3 டிசம்பர் 2023

அன்புள்ள அத்தானுக்கு, ப்ரியா எழுதுவது.

போனில் பேசினால் சண்டை வந்துவிடுகிறது, எழுதினால் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பெரிய செய்தி. நான்கு வருடமாக நான் வேலை செய்யும் இந்த ஊர் நாடகக் குழுவுக்கு என்னையே இயக்குநராக இருக்கச் சொல்கிறார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்துச் சாலை பஜாரில் வெயிலில் தெருநாடகம் போட்டவள், இங்கே தபால்காரரையும் பேக்கரிக்காரியையும் வைத்து வெல்ஷ் மொழியில் நாடகம் போடுகிறேன். எனக்கு ஆசையாக இருக்கிறது. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

அடுத்தது ஒரு வேலை. இந்த ஊரில் 'மாரி லூயிட்' என்று ஒரு வழக்கம். கிறிஸ்தவம் வருமுன் இருந்த கெல்டிக் காலத்து மிச்சம் என்று பெருமைப்படுவார்கள், நிச்சயமாக யாருக்கும் தெரியாது. வருடப் பிறப்பை ஒட்டி ஒரு குதிரை மண்டையோட்டைக் கழியில் செருகி, வெள்ளைத் துணி போர்த்தி, வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். வாசலில் நின்று, உள்ளே விடு என்று பாட வேண்டும். வீட்டுக்காரர் கதவைத் திறக்காமல், முடியாது என்று பாட்டிலேயே மறுக்க வேண்டும். கடைசியில் வீட்டுக்காரருக்குப் பாட்டுத் தீர்ந்துபோகும், கதவு திறக்கும், எல்லோருக்கும் கேக் கிடைக்கும்.

என் பழைய குழுவை ஜெயஷீலா தனியாக இழுத்துக்கொண்டிருக்கிறாள் அல்லவா, அவள் இதைப் பொங்கலுக்குப் பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து ஜனங்களோடு செய்யப் பார்க்கிறாள். ஆள் போதவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேப்பர்தானே படிக்கிறீர்கள்? பெட்டி தூக்கவாவது போங்கள்.

சமையலறைக் குழாய் சரியாகிவிட்டதா?

உங்கள்
ஸ்ரீப்ரியா


கரமனை, திருவனந்தபுரம்
17 டிசம்பர் 2023

அன்பு ப்ரியா,

குழாய் இன்னும் சொட்டுகிறது. நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன்.

ஐந்து வருடம் என்று படித்த அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை. உன் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நீ ஒரு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனவள். ஒரே ஒரு ஆளுக்கு உளுந்துவடை சுட்டுப் பார், எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தெரியும். வந்துவிடு ப்ரியா. ஐம்பத்து நான்கு வயதில் இதைக் கேட்க எனக்கு வெட்கமில்லை.

ஜெயஷீலாவுக்குப் போன் செய்தேன். "பெட்டி தூக்க வேற ஆள் உண்டு அண்ணே. நீங்க நல்ல உயரம்லா, குதிரை ஆயிருங்க" என்றாள். மூங்கிலிலும் பழைய பேப்பரிலும் தலை செய்திருக்கிறாள். பார்த்தால் எருமை மாதிரிதான் இருக்கிறது. ஊரெல்லாம் கணக்கு ஆடிட் பண்ணியவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாய்.

நீலகண்டன்


கரமனை
16 ஜனவரி 2024

அன்பு ப்ரியா,

பொங்கல் வாழ்த்து. நேற்று உன் வழக்கம் பொன்முடியில் படுதோல்வி.

தம்பானூரில் பஸ் ஏறி, கல்லாறில் டீ குடித்து, வளைவு வளைவாகச் சுற்றி மேலே போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறக்கவே கூடாது என்று ஒரு மாதமாக லயத்தில் எல்லோருக்கும் ஒத்திகை கொடுத்திருந்தாள் ஜெயஷீலா. தலையும் ஆட்டியிருந்தார்கள். முதல் வீட்டு வாசலில் நான் குதிரைத் தலையைத் தூக்குகிறேன், பாட்டு தொடங்குகிறது, ஒரு அடி முடிவதற்குள் கதவு திறந்துவிட்டது. வடிவம்மாள் என்று ஒரு அம்மா. "வந்தவங்கள வெளிய நிறுத்திப் பாட வைக்கவா? நல்ல கதை! கேறி வாங்க சாரே" என்றாள். அடுத்த வீட்டிலும் இதே கதைதான். கதவை அடைத்து வைக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. நாடகம் முடிந்தது, வயிறு முழுக்கக் கட்டன் சாயாவும் சர்க்கரைப் பொங்கலும்.

பெட்டிகளை எடுக்க வடிவம்மாள் வீட்டுக்கே திரும்பி வந்து, மறுபடி குதிரைத் துணியைப் போர்த்திக்கொண்டு கிளம்பலாம் என்றால், அவள் வாசலை மறித்து நிற்கிறாள். "இப்பத்தானே வந்திய, அதுக்குள்ள என்ன?" ஜெயஷீலா என் விலாவில் குத்தினாள். "அண்ணே, இதுதான் நாடகம். போகணும்னு பாடுங்க."

பாடினேன் ப்ரியா. நான்!

கடைசி பஸ்ஸு காத்திருக்கு, கதவ விடு அம்மா.

உடனே பதில் வந்தது.

பஸ்ஸு நாளைக்கும் வரும், பானையில சோறிருக்கு, உக்காரு சும்மா.

நாளைக்கு ஆபீஸ் என்றேன், வழியில் ஆனை என்றேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். லயமே திரண்டுவிட்டது. கடைசியில் திருப்பூருக்குப் போன மகன் செல்வினைப் பற்றி ஒரு அடி எடுத்தாள். அவனையும் இதே வாசலில் மறித்தேன் என்று பாடினாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. ஒதுங்கி வழிவிட்டு, "போயிட்டு வாங்க" என்றாள். துணிக்குள் நான் அழுதது நல்ல வேளையாக யாருக்கும் தெரியாது.

இருந்தாலும் கேட்கிறேன். எப்போது வருகிறாய்?

நீலகண்டன்


மாஸ்டெக்
31 ஜனவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்துக் குழுவில் படித்துக் காட்டினேன். தபால்காரர் சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். செல்வின் வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. இங்கேயும் சுரங்கம் மூடியபின் பிள்ளைகள் போன வீடுகள்தான் அதிகம்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணங்கள் எனக்கே அலுத்துவிட்டன. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் இன்னொரு தடவை வா என்று கேட்டால் வந்துவிடுவேன். மிரட்டல் இல்லை, நிஜம். மனசு உங்களை அவ்வளவு தேடுகிறது. ஆனால் வந்தபிறகு என் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். யோசித்துக் கேளுங்கள்.

ப்ரியா


கரமனை
19 பிப்ரவரி 2024

அன்பு ப்ரியா,

யோசித்தேன். கேட்கவில்லை.

ஞாயிறு தவறாமல் மேலே போகிறேன். லயத்துக்காரர்கள் அடுத்த நாடகத்துக்கு என்னைத்தான் வில்லன் ஆக்கியிருக்கிறார்கள். நேற்று வடிவம்மாள், "உங்க வீட்டம்மா எப்ப வருவாவ?" என்று கேட்டாள். "தெரியாது, அவளுக்கு அங்க வேலை இருக்கு" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்றைக்கு அவள் மறித்தபோது எனக்கு உண்மையாகவே அங்கே தங்கிவிடத் தோன்றியது. தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுநாள் முழுக்க ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அந்த அம்மாவுக்கும் அது நன்றாக இருந்திருக்காது. நீ கரமனையில் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது.

கையெழுத்துப் போடு. நீ இல்லாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, பழகிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஆனாலும் போடு.

நீலகண்டன்


மாஸ்டெக்
11 மார்ச் 2024

என் அன்பு அத்தானுக்கு,

போட்டுவிட்டேன்.

நீங்கள் தடுப்பீர்கள் என்று என்னென்னவோ வாதங்களைத் தயாராக வைத்திருந்தேன். தடுக்கவில்லை என்றதும் ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அழுதேன். பேக்கரிக்காரி சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பாதி அதுவும்தான்.

வருடத்தில் இரண்டு மாதம் ஊருக்கு விட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். ஜூன் முதல் வாரம் வருகிறேன். உங்கள் வில்லன் வேஷத்தைப் பார்க்க நானும் பொன்முடிக்கு வருவேன்.

ஆகஸ்டில் திரும்பக் கிளம்பும்போது டாக்சி வந்து நிற்கும், பெட்டி வாசலில் இருக்கும். அன்றைக்கு உங்கள் போன கடிதத்தில் இருந்ததுபோலப் பெருந்தன்மையாக இருக்காதீர்கள். வாசலை மறித்து நில்லுங்கள். உடனே விட்டுவிடாதீர்கள்.

உங்கள்
ப்ரியா