இரண்டு பட்டை அதிகம்

விட்டுப் போன பிறகும் என் தொணதொணப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிற மாமாவுக்கு,

நம் வீட்டு வண்டி ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் அங்கே நிம்மதியாக உட்காரமாட்டீர்கள்.

குன்னூர் எஸ்டேட் துரை சீமைக்குக் கிளம்பும்போது உங்களிடம் விற்ற மோட்டார் வண்டி, சக்கரம் வைத்த வீடு. கட்டில், அலமாரி, கைகழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே. "இதுலயே உன்னையக் கன்னியாகுமரிக்குக் கூட்டிட்டுப் போறேன் அம்மணி" என்றீர்கள். அதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. வண்டி இரண்டு மழைக்காலம் வேப்பமரத்தடியில் நனைந்தது.

என் பெரியண்ணன் வந்து, மேல்கூட்டை அறுத்துப்போட்டு வெங்காய லாரியாக்கிவிடலாம் என்றார். பொம்பளைக்கு எதற்கு இந்த வம்பு என்றும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆடி முடிவதற்குள் மேட்டுப்பாளையம்வரை நானே ஓட்டிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் அறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாய்க்கொழுப்புதான், வேறென்ன? நீங்கள் தோட்டத்துக்குள் ஓட்டப் பழக்கிய தைரியத்தில் லைசென்சும் எடுத்துவிட்டேன்.

உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கிற உங்கள் சிநேகிதர் ரங்கசாமியண்ணன் புது பிரேக், புது பேட்டரி போட்டார். கூரைக்குத் தகரம் அடித்தார். விறகடுப்பு இருந்த இடத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. எல்லாம் சரி, ஓட்டினால் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. திருப்பம் வந்தால் ஊர்ந்துதான் போனேன். ரங்கசாமியண்ணன் பின்பக்கம் ஏறிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்த மூலையில கருங்கல்லு மேடையும் அம்மியும் வெக்கச் சொன்னது யாருங்க?"

நான்தான். வண்டி களத்தில் வடக்குப் பார்த்து நின்றதே, நினைவிருக்கிறதா? அடுப்பு தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும், அக்னி மூலை தப்பக்கூடாது என்று மூன்று நாள் உங்களோடு பேசாமல் இருந்தேன். ஓடுகிற வண்டிக்கு மூலை ஏது? உங்களுக்கு அது தெரியாதா? சிரித்துக்கொண்டே கல்லை ஏற்றினீர்கள்.

ரங்கசாமியண்ணன் அடியில் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிக் காட்டினார். இடப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது இரும்புப் பட்டை, வலப்பக்கம் பதினொன்று. அதிகப்படியான இரண்டும் துருவேறி ஒடிந்திருந்தன.

"அந்தக் கல்லுக்குன்னே உங்க வீட்டுக்காரரு ரெண்டு சேத்திப் போட்டிருக்காருங்க" என்றார்.

பட்டறை என்றும் பாராமல் அழுதேன். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாமா? இன்னும் மூன்று நாள் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதானே?

கல்லை இறக்கச் சொன்னேன். கூட வந்திருந்த பெரியண்ணன் பதறிப்போய் அக்னி மூலை என்று ஆரம்பித்தார். "வண்டி திரும்புனா மூலையும் திரும்புமுங்கண்ணா" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நேற்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மேட்டுப்பாளையம் போய்வந்தேன். வண்டி ஒரு பக்கமும் சாயவில்லை. பாக்கு மண்டி முன்னால் நிறுத்தி, உள்ளேயே காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துமுடித்த பிறகு, வெங்காயத்துக்கு வேறு லாரி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அம்மி அடுக்களைக்குத் திரும்பிவிட்டது. கருங்கல் கிணற்றடியில் துணி துவைக்கக் கிடக்கிறது. ஒடிந்த பட்டைகளை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

ஆவணியில் கன்னியாகுமரிக்குக் கிளம்புகிறேன். அடுப்பு கடலைப் பார்க்கிற மாதிரி வண்டியை நிறுத்துவேன், அது எந்த மூலையாக இருந்தாலும் சரி. முதல் காப்பி உங்களுக்கு.

நீங்கள் சொல்லாமல் சுமந்த
உங்கள் வீட்டுக்காரி,
சரசு