டிவி ஓடுது என்பாய்

காலையில் சந்து முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். சாக்கடை ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. ஜன்னலைச் சாத்துவதற்குள் நெடி உள்ளே வந்துவிட்டது. கொல்கத்தாவின் பெஹாலாவில் மழை விட்ட பிறகு வரும் நெடி. போன வருடமும் வந்தது. நீ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு வந்தது.

உனக்கு எழுதுகிறேன். உன்னால் படிக்க முடியாது. நீ இருந்தபோதும் முடியாது.

உன் வீட்டில் தமிழ் பேச மட்டும்தான் தெரியும். தாத்தாவோடு திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ். பள்ளிக்கூடத்தில் வங்காளமும் ஆங்கிலமும் படித்தாய். நான் உங்கள் மாடியில் குடிவந்தவன். சென்னையில் இலக்கியம் படித்துவிட்டு, இங்கே ஒரு செய்திச் செயலிக்குத் தமிழில் அறுபது வார்த்தைச் செய்திகள் எழுத வந்தவன். கதையும் எழுதுகிறேன் என்று சொன்னேன். "படிச்சுக் காட்டு, அப்புறம் பாப்போம்" என்றாய். அப்படித்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் லேக் மார்க்கெட்டில் இட்லிக் கடை. நீ சாப்பிடுவாய். நான் வாசிப்பேன்.

மழை நகரத்தைக் கழுவித் துடைத்தது என்று ஒரு வரி. நீ கையைத் தூக்கினாய்.

"ஏலே, டிவி ஓடுது. அணை."

"என்ன டிவி?"

"எந்த ஊர்ல கழுவிச்சு? நம்ம சந்துல முட்டு வரைக்கும் சாக்கடைத் தண்ணி நிக்கு. எதுத்த வீட்டு காக்கு லுங்கியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மீன் வாங்கப் போறாரு. உன் மழை டிவில பெய்யுது, ரைட்டர் மொஷாய்."

கேலி செய்யும்போது நான் உனக்கு மொஷாய், அதாவது ஐயா. அந்த வரியை அடித்தேன். லுங்கி கதைக்குள் வந்தது. இன்று எடுத்துப் பார்த்தால் அந்தக் கதையில் உயிரோடு இருப்பது லுங்கி மட்டும்தான்.

"அம்மா ராக் பண்ணிட்டா" என்பாய். கோபித்துக்கொண்டாளாம். பாதி வங்காளம், பாதி தமிழ். நான் படித்த எந்தப் பக்கத்திலும் அப்படியொரு கோபம் இருந்ததில்லை. எனக்கோ பகல் முழுவதும் செய்தியில் அதிர்ச்சி, பரபரப்பு, நெட்டிசன்கள். மெட்ரோவில் காளிகாட் வரும்போது வாயில் சொந்தமாக ஒரு சொல்லும் மிச்சமிருக்காது. அங்கிருந்து ஆட்டோ. மாடிப்படியில் நீ.

"இன்னைக்கு எத்தனை அதிர்ச்சி?"

"பதினொண்ணு."

"கம்மிதான். மார்க்கெட் டல்லு."

பிறகு உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. துர்கா பூஜைப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில் விழும் சத்தம் வார்டு வரை கேட்டது.

நீ போன மறுநாள் உன் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஐயா, நீ எழுதுத பிள்ளைதான. ஊர்ல உள்ளவங்களுக்கு வாட்ஸ்அப்ல போடணும். தமிழ்ல ஒண்ணு எழுதிக் குடு."

படியில் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் மகன் நேற்று இறந்துவிட்டான். டெங்குக் காய்ச்சல். எல்லோரையும் கேலி செய்வான். இனி வீடு அமைதியாக இருக்கும். நீ கையைத் தூக்காத வரிகள் என்று நினைத்தேன். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவள் தலையை ஆட்டினாள். "இது என்னய்யா, மொட்டையா இருக்கு? செத்துட்டான்னு எழுதலாமா? ஊர்ல போடுவாங்கல்லா, மீளாத் துயர்னு. அப்பிடி எழுது."

எழுதினேன். எங்கள் அன்புச் செல்வன் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன். மீளாத் துயரில் வாடும் குடும்பத்தினர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விரல்களுக்கே தெரிந்திருந்தது. வாசித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "ஆமா. இதுதான்" என்றாள். அதுவரை அழாதவள், உடைந்து அழுதாள்.

படியில் யாரும் கையைத் தூக்கவில்லை.

அது ஊர் ஊராகப் போய் எங்கள் செயலியின் ஆசிரியரிடமும் வந்து சேர்ந்தது. போன் செய்தார். "கொல்கத்தால ஒரு தமிழ்ப் பையன் டெங்குல போயிட்டானாமே? உங்க ஏரியாவாம்ல. அறுபது வார்த்தை குடுத்துருப்பா. போட்டோ இருந்தா நல்லா ஓடும்." என்னால் முடியாது என்றேன். வேறு யாரோ எழுதினார்கள். அதிர்ச்சி என்று தொடங்கியது. சோகத்தில் ஆழ்த்தியுள்ளது என்று முடிந்தது. அதற்குக் கீழே தங்கம் விலை.

இப்போதும் எழுதுகிறேன். எழுதியதை உன் அம்மாவிடம் வாசிக்கிறேன். முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்பாள். "நல்லாருக்குய்யா" என்பாள். எல்லாவற்றுக்கும் அதேதான். நல்லது எது, பொய் எது, எனக்குத் தெரிவதில்லை. பாதிக் கதையில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நடக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்த கடைசி மாலையை இதுவரை எதிலும் எழுதவில்லை.

"எதாவது வாசிலே" என்றாய். கையில் கதை எதுவும் இல்லை. அன்று நான் எழுதிய செய்தி போனில் இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். சிறுத்தை உள்ளே வந்துவிட்டது. பிள்ளைகளை வகுப்பில் வைத்துக் கதவைப் பூட்டினார்கள். அங்கே அறுபது வார்த்தை முடிந்துவிட்டது.

டிவியை அணைக்கச் சொல்வாய் என்று காத்திருந்தேன். உன் உதடு வெடித்திருந்தது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்டா."

"சிறுத்தை எங்க?"

தெரியாது என்றேன். தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நர்ஸ் வெளியே போகச் சொன்னாள்.

தேடினேன். பிறகும் பல நாள் தேடினேன். எல்லாச் செய்தியும் பூட்டிய கதவோடு நின்றுவிட்டது. யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. இப்போது நான் எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில்தான் தொடங்குகிறது. உள்ளே பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் இருக்கிறார்கள். வெளியே அது உட்கார்ந்திருக்கிறது. நீ கேட்டுவிட்டாய். நான் இன்னும் அடுத்த வரிக்குப் போகவில்லை.